வெளிச்சம் விழுந்த விதம்

அவர் அழித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என் சின்ன அத்தானின் அம்மைத் தழும்புகள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவரின் இரட்டைத் தாடை. கறம்பக்குடிப் பக்கத்து மணப்பெண் ஒருத்தியின் கன்னக்குழி. பரிசு வாங்கிய காளை ஒன்றின் மடங்கிய காது. என் இடது புருவத்தின் மேலிருக்கும் தழும்பு. கடைசியாக, மாதா கோயில் மணிக்கூண்டு ஒன்றின் விரிசல். அந்த விரிசலுக்குள் என் கை மணிக்கட்டு வரை போகும்.

புதுக்கோட்டை ராஜவீதி ஒன்றில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் அவருடைய போட்டோ ஸ்டுடியோ இருந்தது. எங்கள் ஆபீஸ் எதிர்ச்சாரியில். நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு, சாலைகளுக்கும் பாலங்களுக்கும் வரைபடம் போடும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். என் மேஜையிலிருந்து பார்த்தால் அவர் ஜன்னலும், ஜன்னலில் குனிந்த அவர் தலையும் தெரியும்.

அந்தக் காலத்தில் படம் கண்ணாடித் தகட்டில் விழும். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறியிருக்கும் அந்தத் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துக்கொள்வார். ஊசிபோல் சீவிய பென்சிலால் அதன்மேல் புள்ளி புள்ளியாக வைப்பார். பென்சில் பட்ட இடம் காகிதத்தில் வெளுத்து விழும். தழும்பு போய்விடும், சுருக்கம் போய்விடும். இதற்கு டச்சிங் என்று பெயர். எல்லா ஸ்டுடியோக்காரர்களும் செய்வதுதான். மற்றவர்கள் ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். இவருக்கு நிறுத்த வராது.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் நம் முகத்தில் ஏதாவது ஓர் இடத்தில் போய் நின்றுவிடும். ஆள்காட்டி விரல் வேட்டியின் மேல் சின்னச் சின்னதாகப் புள்ளி வைக்கத் தொடங்கும். கண் எங்கே நின்றது என்று குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்க்காதவர்கள் எங்கள் ஆபீசில் இல்லை. சைக்கிள் கடையை ஒட்டி இருந்த டீக்கடையில் அவர் கைக்குப் பத்திரிகையைக் கொடுக்க மாட்டார்கள்.

"அண்ணே, படிக்கிறதுன்னா படிங்க. பென்சில மட்டும் பைக்குள்ள வைங்க," என்பார் கடைக்காரர். "நேத்து ஒரு மந்திரிக்கு மூக்கச் சரி பண்ணிட்டீங்க. அது எந்த மந்திரின்னு ரெண்டு பேரு இங்க அடிச்சுக்கிட்டானுங்க."

இதையெல்லாம் செய்ததாக அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அது தொழில் தர்மம் என்று நினைத்தாரோ என்னவோ. என் அத்தான் தன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு மூஞ்சி இம்புட்டு வழவழன்னு இருக்காதேண்ணே," என்று சந்தேகப்பட்டபோது, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "வெளிச்சம் அப்படி விழுந்துருக்குங்க." அத்தான் மகிழ்ச்சியோடு போனார். அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கேட்டு வந்தவர்கள் பலர்.

அவருடைய மனைவிக்கு மட்டும் இந்த வெளிச்சத்தின் மேல் மரியாதை இல்லை. ஸ்டுடியோவின் பின்கட்டிலேயே குடித்தனம். கணவர் முகம் சற்றே இடப்பக்கம் கோணியிருக்கும், மூக்கும் அதே பக்கம் போகும். ஒருநாள் அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"கல்யாணத்துக்கு முந்தி எங்கப்பாவுக்குத் தன் படம் ஒண்ணு அனுப்புனாரு தங்கச்சி. பாத்துட்டு எனக்கும் புடிச்சுப்போச்சு. அந்த ஆளு இன்னும் வரலை."

உள்ளேயிருந்து அவர், "வருவாரு வருவாரு," என்றார்.

கறம்பக்குடி விஷயம் கொஞ்சம் பெரிதானது. அந்தப் பெண்ணுக்கு வலக் கன்னத்தில் குழி விழும். மாப்பிள்ளை அவளைத் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருந்தார், அந்தக் குழிக்காகத்தான் பெண் கேட்கவே ஆள் அனுப்பினார். இவர் அதைக் காயம் பட்ட வடு என்று நினைத்து நிரப்பிவிட்டார். படத்தைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார், அக்காவைக் காட்டித் தங்கையைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். பெண்ணின் ஆத்தா மகளை வாசலுக்கு அழைத்து வந்து, "சிரிடி," என்றார். அவளுக்கு அழுகை வந்தது. அழுதபோதும் குழி விழுந்தது, கல்யாணம் நடந்தது. இவரிடம் கேட்டதற்கு, வெளிச்சம் அப்படி விழுந்திருக்கிறது என்றார்.

என் கதை எளிது. வேலையில் சேரும்போது ஒட்டிக் கொடுக்க என் படத்தை எடுத்தது அவர்தான். சின்ன வயதில் கிணற்று ராட்டினம் பட்டு என் புருவத்தின் மேல் ஒரு வெட்டு உண்டு. அங்க அடையாளம் என்று நான் அதைத்தான் எழுதியிருந்தேன். பெரிய குமாஸ்தா எழுத்தைப் படித்தார், படத்தைப் பார்த்தார், பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா, தழும்பு உங்ககிட்ட இருக்கு. படத்துல இருக்க அம்மாகிட்ட இல்லையே."

தெருவைக் கடந்து போய் நான் சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வேலை இல்லைன்னுட்டாங்களா?"

"இல்லண்ணே. ஆனா..."

"பெறகென்ன தங்கச்சி. கொறைய எதுக்குப் படத்துல காட்டணும்? அதான் நேர்ல இருக்குல்ல."

நான் புருவத்தைத் தடவிக்கொண்டே படியிறங்கினேன்.

மாதா கோயில் விவகாரம் வந்தது அதற்கு மறு வருஷம். ஊருக்கு மேற்கே, மண்பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் அந்தக் கோயில். யாரோ வெளிதேசத்துச் சாமியார்கள், நம் ஊர்க் கொத்தர்களை வைத்து, செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது. முகப்பில் சுதையில் செய்த நான்கு தேவதூதர்கள்; சம்மனசுகள் என்பார்கள். இறக்கை எல்லாவற்றுக்கும் இருந்தது, மூக்கு ஒன்றுக்கும் இல்லை. முகப்பின் மேல் மணிக்கூண்டு. மணி இருந்த வளைவின் இடப்பக்கத்திலிருந்து விரிசல் ஒன்று, மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே வர வர ஒடுங்கியது. மணி அடிக்கும்போதெல்லாம் சுண்ணாம்பு உதிரவே, அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். உபதேசியார், அதாவது ஜெபம் சொல்லிக் கொடுத்துக் கோயிலைக் கவனித்துக்கொள்பவர், ஒரு தண்டவாளத் துண்டை வேப்பமரத்தில் கட்டித் தட்டிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு ஜனங்கள் பூசைக்கு வந்தார்களோ இல்லையோ, பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தப் பள்ளி கூண்டின் அடியிலேயே நடந்தது. அதுதான் பயம். ஐப்பசி மழைக்குள் விரிசலை அடைக்காவிட்டால் கூண்டு நிற்காது. மேற்றிராணியார் என்கிற பிஷப்பின் ஆபீசில் அந்த வருஷம் ஒரே ஒரு கோயிலைப் பழுது பார்க்கத்தான் பணம் வைத்திருந்தார்கள். வேறு ஊர்க்காரர்களும் கேட்டிருந்தார்கள். எந்தக் கோயிலின் நிலைமை மோசம் என்று பார்க்கப் படமும் அளவும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஊர்ச் சாமியார் எங்கள் ஆபீசுக்கு வந்தார். உருண்டையான, எதற்கும் கண் கலங்கிவிடும் மனிதர். எங்கள் அதிகாரி, "இது ஆபீஸ் வேலை இல்லைங்க சாமி. ஞாயித்துக்கிழமைல இந்த அம்மா வந்தா எனக்கொண்ணும் இல்லை," என்றார். படத்துக்கு யார் என்று சாமியார் கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அங்கே தலை குனிந்திருந்தது. ஊரில் வேறு யாரிடமும் அவ்வளவு பெரிய தகடு போடும் கேமரா இல்லை.

அந்தக் கோயிலை அதுவரை யாரும் படம் எடுத்ததே கிடையாது. நானும் அவரும் பஸ்ஸில் போனோம். கேமராவின் துருத்தியைப் பார்த்துவிட்டு, "ஆர்மோனியத்துக்கு லக்கேஜ் போடணும்," என்றார் கண்டக்டர். இறங்கும் இடத்தில் உபதேசியார் ஆள் வைத்திருந்தார். ஆள் என்றால் ஊரே.

முந்தின ஞாயிறு பூசையில் உபதேசியார் எழுந்து நின்று, "வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம கோயிலை எடுக்கிறாங்க. எல்லாரும் நல்ல துணி உடுத்தி வரணும்," என்று அறிவித்திருந்தார். பாதிப்பேர் எண்ணெய் வைத்து, பூ வைத்து வந்திருந்தார்கள். பாதிப்பேர் அழுத முகத்தோடு வந்திருந்தார்கள். ஒரு விவசாயி மட்டும் காலி மாட்டுவண்டியோடு வந்து ஓரமாக நின்றார்.

"வண்டி எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"கோயிலை எடுக்குறாகன்னு சொன்னாக. செங்கல் கெடைச்சா மாட்டுக்கொட்டகைக்கு ஆகுமேன்னு வந்தேன்."

"படம் எடுக்கிறதுங்க."

"அப்ப செங்கல் இல்லையா?" என்றார். வண்டியைத் திருப்பவும் இல்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

ஸ்டுடியோக்காரர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே வரவேயில்லை. உள்ளேயிருந்து கோயிலோடு பேசும் சத்தம் மட்டும் கேட்டது. "இங்கிட்டு வெயிலு வரட்டும். பயப்படாதீங்க. ம்ம்." பொறுக்க முடியாமல் உபதேசியார் துணியைத் தூக்கித் தானும் தலையை நுழைத்தார். அடுத்த கணம் வெளியே வந்து சாமியாரிடம் போனார்.

"சாமி, உள்ள கோயில் கவுந்து கெடக்கு."

"என்னது?"

"சிலுவை தரையில, வாசப்படி ஆகாசத்துல. இடமும் வலமும் மாறிக் கெடக்கு. நான் நின்னு பாத்தேன்."

கேமராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் விழும், ஒளி அப்படித்தான் போகும் என்று நான் ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டு விளக்கினேன். உபதேசியார் கோட்டைச் சுற்றி வந்து பார்த்தார். "அப்ப இவரு நம்மளையெல்லாம் தலைகீழாத்தான் பாத்துக்கிட்டிருக்காரா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

விரிசலின் அகலம் தெரியவேண்டும் என்று நான் ஏணி போட்டு ஏறி, அதன் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோல் ஒன்றைத் தொங்கவிட்டேன். உபதேசியார் வாசலில் நின்றார். அவர் வழுக்கையில் வெயில் பளபளத்தது. இவர் லென்ஸ் மூடியில் கை வைத்து, கோயிலைப் பார்த்து எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னார்: "மூச்சு விடாதீங்க." கோயில் விடவில்லை. ஊரும் விடவில்லை. மாட்டுவண்டி மாடு மட்டும் தலையை ஆட்டியதால் படத்தில் அதற்குத் தலை விழவில்லை என்று பிறகு அறிந்தேன்.

படத்தை என்னிடம் காட்டச் சொல்லியிருந்தேன். அவர் நேரே சாமியாரிடம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். சாமியார் பார்த்தார், கண் கலங்கினார், அன்றைக்கே தபாலில் சேர்த்தார். பதில் வந்த பிறகுதான் எனக்குச் செய்தி தெரிந்தது. இத்தனை பழமையான கோயிலை இவ்வளவு அழகாக வைத்திருப்பதற்காக மேலிடம் சாமியாரைப் பாராட்டியிருந்தது. பணத்தை வேறு ஊருக்குக் கொடுக்க யோசிப்பதாகவும் சொல்லியிருந்தது.

சாமியாரிடம் இருந்த இன்னொரு பிரதியைப் பார்த்தேன். விரிசல் இல்லை. சம்மனசுகள் நால்வருக்கும் மூக்கு இருந்தது, அதுவும் ஒரே அச்சில் வார்த்த எடுப்பான மூக்கு. என் அளவுகோலைக் காணோம். மாட்டுக்குத் தலை வந்திருந்தது. உபதேசியாருக்குச் சுருள் முடி.

"இதுல கோயில் எவ்வளவு சந்தோஷமா இருக்கு பாருங்கம்மா," என்றார் சாமியார் வருத்தத்தோடு.

நான் மாடிப்படி ஏறினேன். அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, விரிசல் எங்க?"

"எந்த விரிசலு?"

"என் கை போற விரிசலு."

"வெளிச்சம் அப்படி..."

"அண்ணே."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "நல்லா வாழ்ந்த கட்டடம் தங்கச்சி. மொத மொத படம் எடுக்க ஆள் வந்துருக்குன்னு நிக்கிது. அத மூஞ்சி வெடிச்சாப்புல எடுத்து ஊருக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

"இது பொண்ணு பாக்க அனுப்புற படம் இல்லண்ணே. டாக்டருக்கு அனுப்புற படம். நோய மறைச்சா வைத்தியம் எப்படி நடக்கும்? மழைக்குள்ள அடைக்கலன்னா கூண்டு பிள்ளைக மேல விழும்."

அவர் விரல் வேட்டியில் புள்ளி வைக்கவில்லை. "டாக்டருக்கா. இத மொதல்லயே சொல்லிருக்கலாமே," என்றார். "நானே போயி வேற எடுத்துக் குடுக்குறேன்."

நான் அந்த வாரம் கோட்டைப்பட்டினம் பக்கம் சாலை அளக்கப் போகவேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது ஆபீஸ் வாசலில் சாமியார் ஒரு தந்தியோடு உட்கார்ந்திருந்தார். கோயிலை உடனே மூடவும், யாரும் உள்ளே போகவேண்டாம், நேரில் வருகிறோம் என்று இருந்தது.

தெருவைக் கடந்தேன். "நீங்க அலைய வேணாமேன்னு நானே தபால்ல போட்டுட்டேன் தங்கச்சி," என்றார். முகம் மலர்ந்திருந்தது. "டாக்டரு ஒண்ணையும் தவற விடமுடியாது."

பிரதியைக் கொடுத்தார். நோயாளி என்று முடிவு செய்த பிறகு அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. தகட்டைப் பிளேடால் சுரண்டினால் அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். சுரண்டியிருந்தார். முகப்பு முழுவதும் விரிசல்கள் வேர்போல் ஓடின. சம்மனசுகளுக்கு மூக்கு மட்டுமல்ல, இரண்டு பேருக்குத் தலையே இல்லை. கூண்டு குடித்தவன்போல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உச்சியில் ஒரு காக்கை.

"காக்கா எதுக்குண்ணே?"

"வெளிச்சம்," என்றார்.

அந்த ஞாயிறு பூசை வேப்பமரத்தடியில் நடந்தது, தண்டவாளத் துண்டின் கீழே. கோயில் கதவு பூட்டியிருந்தது. அவரும் வந்து ஓரமாக நின்றார். உபதேசியார் அவரிடம் போய்ச் சொன்னார்: "கோயிலை எடுக்கிறாங்கன்னு நான் சொன்னப்பவே பாதிப்பேரு அழுதாக. கடைசில நீங்க கோயிலை எடுத்தே எடுத்துட்டீங்களேண்ணே." செங்கல்லுக்கு வந்த விவசாயி அன்றைக்கும் வண்டியோடு வந்திருந்தார்.

மறுநாள் மேலிடத்திலிருந்து பெரிய சாமியார் வந்தார். கட்டடங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. நெட்டையான வயோதிகர், கக்கத்தில் குடை. ஒரு கையில் முதல் படம், மறு கையில் இரண்டாவது. நடுவில் கோயில். மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல இருக்கிறது மாப்பிள்ளை. இதுல இருக்கிறது பிணம். கோயில் எங்கே இருக்கு?"

ஏணியில் ஏறி, விரிசலில் குடையை விட்டுப் பார்த்தார். கைப்பிடி வரை போயிற்று. இறங்கி வந்தார்.

"விரிசலை அடைக்கலாம். அதுக்குப் பணம் தரலாம். ஆனால் கூண்டு சாய்ந்திருக்கிறதே. சாய்ந்ததை அடைத்துப் பயனில்லை. மழைக்கு முன்னால் இடித்து இறக்கிவிட வேண்டியதுதான்."

மாட்டுவண்டிக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"சாயலைங்க," என்றேன். "மேலேர்ந்து தூக்குக்குண்டு விட்டுப் பாத்துட்டேன். நேரா நிக்கிது. அளவு எல்லாம் இங்க இருக்கு."

பெரிய சாமியார் என் தாள்களைப் பார்த்தார். என் வயதையும் பார்த்தார். "நூல் காற்றில் ஆடும் அம்மா. கீழிருந்து பார்க்கிற கண்ணும் ஏமாறும். படம் பொய் சொல்லாது." இரண்டாவது படத்தை உயர்த்திக் காட்டினார்.

எங்கள் சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. உபதேசியார் மணிக்கூண்டைப் பார்த்தபடி நின்றார். நான் ஓரமாக நின்ற ஸ்டுடியோக்காரரைப் பார்த்தேன். ஒப்புக்கொள்ளாத மனிதர் அவர். சொந்த மனைவியிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை. ஊரில் பாதி முகங்கள் அவர் வாய் திறக்காததை நம்பித்தான் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் விரல் வேட்டியில் வேகமாகப் புள்ளி வைத்தது. பிறகு நின்றது.

"அது நான் சாச்சதுங்க," என்றார்.

"என்ன?"

"கேமராவச் சாச்சு வச்சு எடுத்தேன். தரையும் சேந்து சாஞ்சுச்சு, அடியில வெட்டிட்டேன். விரிசல்ல ஒண்ணுதான் நெசம். மத்தது என் பிளேடு. சம்மனசுக்குத் தலைய நான்தான் எடுத்தேன். காக்காயும் நான்தான்."

"முதல் படம்?"

"அதுவும் நான்தாங்க. அது கல்யாணத்துக்கு எடுக்குற மாதிரி எடுத்தது. இது ஆஸ்பத்திரிக்கு."

பெரிய சாமியார் இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, குடையோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு என்னிடம் திரும்பி, "அந்த நூலை இன்னொரு தடவை விடம்மா, நான் கீழே நின்று பிடித்துக்கொள்கிறேன்," என்றார். விட்டேன். நேராக நின்றது.

உபதேசியார் மட்டும் அமைதியாக இல்லை. அவரைத் தனியே கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அண்ணே, அப்ப மொதப் படத்துல என் முடி?"

"அது வெளிச்சங்க," என்றார் அவர்.

உபதேசியார் பெருமூச்சு விட்டார். அந்தப் படம் இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

மழைக்கு முன்பே விரிசலை அடைத்தார்கள். சுண்ணாம்பு அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி, பழைய முறையிலேயே பூசி, வெள்ளையடித்தார்கள். இடம் எதுவென்று எனக்கே தேடவேண்டியிருந்தது. மணியை அடித்தபோது தூசிகூட விழவில்லை. உடைந்த செங்கல் கொஞ்சம் மிஞ்சியது, விவசாயி அள்ளிக்கொண்டு போனார். மாட்டுக்கொட்டகைக்குப் போதாது, கோழிக்கூண்டு கட்டினார் என்று கேள்வி.

முடிந்த வேலைக்கு ஒரு படம் வேண்டும் என்று மேலிடம் கேட்டது. இந்தத் தடவை தகட்டின்மேல் பென்சிலோ பிளேடோ படக்கூடாது என்று சாமியார் வாக்கு வாங்கிக்கொண்டார். படம் எனக்குத்தான் முதலில் வந்தது. வெள்ளைவெளேரென்ற முகப்பு. குறையே இல்லை. அவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லாத முதல் முகம். ஒரு பிரதியை அனுப்பிவிட்டோம்.

சில நாள் கழித்து, கோயில் சுவரில் மாட்ட இன்னொன்றைப் பெரிதாகச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். நான் உருப்பெருக்கும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மணி வளைவுக்குப் பக்கத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இருந்தது.

"அண்ணே, இது என்ன?"

அவர் எங்கேயோ பார்த்தார். "சும்மா வச்சுப் பாத்தேன் தங்கச்சி. கோடு இல்லாம யாரோ மாதிரி இருந்துச்சு. அந்தக் கோடு இருந்தாத்தான் அது அந்தக் கோயிலு."

நான் இன்னொன்றையும் பார்த்துவிட்டேன். உண்மை விரிசல் வளைவின் இடப்பக்கம், மேலே அகலம், கீழே ஒடுக்கம். அவர் போட்டது வலப்பக்கம், கீழே அகலம், மேலே ஒடுக்கம். அந்த விரிசலை அவர் ஆற அமரப் பார்த்ததெல்லாம் கறுப்புத் துணிக்குள்தான். அங்கே சிலுவை தரையில், வாசற்படி ஆகாசத்தில். மனதில் அது அப்படியே தங்கியிருந்தது.

"வேணும்னா ஒங்க படத்துலயும் போட்டுத் தாரேன்," என்றார். கண் என் புருவத்தில் நின்றது. "அந்தத் தழும்ப."

அவர் அதை எங்கே போடுவார் என்று யோசித்தேன். "வேணாம்ணே. அதான் நேர்ல இருக்குல்ல," என்றேன்.

அவர் பிறகு மனைவியின் ஊர்ப்பக்கம் போய்விட்டார். அந்த ஜன்னலில் இப்போது ஒரு தையற்கடை. உபதேசியார் வீட்டில் யாராவது விருந்தாளி வந்தால், அந்தச் சுருள் முடிக்காரர் யார் என்று கேட்பார்களாம். தம்பி என்று சொல்லிவிடுகிறாராம்.

போன மாதம் அந்தக் கோயிலுக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்திருக்கிறார். இளைஞர், சுறுசுறுப்பானவர். வந்த மூன்றாம் நாள் ஆபீசுக்கு என்னைத் தேடி வந்தார். கை முழுக்கச் சுண்ணாம்பு. சட்டம் போட்ட படத்தைக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"நீங்கதான் அந்த வேலையப் பார்த்தீங்கன்னு சொன்னாங்க. படத்துல வலது பக்கம் ஒரு விரிசல் இருக்கு, கீழேயிருந்து மேலே போகுது. காலையிலேருந்து ஏணி போட்டுத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், சுவர்ல அதைக் காணோம். எங்கம்மா அது?"

நான் படிப்பு படித்தவள். நூலும் அளவும் தவிர வேறெதையும் நம்பாதவள். படத்தை வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன்.

"விரிசல் இல்லைங்க சாமி," என்றேன். "வெளிச்சம் அப்படி விழுந்துருக்கு."